கிரேட் ஓசன் சாலை

கிரேட் ஓசன் சாலை என்பது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், தென்மேற்குக் கடலோரத்தை ஒட்டிச் செல்லும் ஒரு நெடுஞ்சாலை ஆகும். டோர்க்கி நகரில் தொடங்கி, வார்னம்பூல் நகருக்கு அருகிலுள்ள ஆலன்ஸ்போர்டு என்னும் ஊரில் இது முடிவடைகிறது. இதன் நீளம் சுமார் 243 கிலோமீட்டர். நெடுஞ்சாலை எண் பி100. முதலாம் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களால் 1919 ஆம் ஆண்டு முதல் 1932 ஆம் ஆண்டு வரை அமைக்கப்பட்ட இச்சாலை, அப்போரில் உயிரிழந்த அவர்களது தோழர்களுக்கு நினைவுச்சின்னமாக அர்ப்பணிக்கப்பட்டது. இதனால் இது உலகின் மிகப்பெரிய போர் நினைவுச்சின்னம் என்று குறிப்பிடப்படுவதுண்டு. 2011 ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் தேசிய மரபுரிமைப் பட்டியலில் இச்சாலை சேர்க்கப்பட்டது.

மெல்பேர்ண் நகரிலிருந்து தாமே கார் ஓட்டிச் சென்று இரண்டு அல்லது மூன்று நாட்களில் திரும்புவோர் இச்சாலையைப் பெரிதும் நாடுகின்றனர். பன்னிரு அப்போஸ்தலர்கள் எனப்படும் கடல் தூண்கள் இதன் மேற்குப் பகுதியில் உள்ளன.

அமைவிடமும் வழித்தடமும்

மெல்பேர்ணிலிருந்து டோர்க்கி ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் உள்ளது. ஜிலாங் நகரைச் சுற்றிச் செல்லும் புறவழிச்சாலை வழியாக இங்கு வந்து சேரலாம். டோர்க்கியிலிருந்து ஆங்கிள்சி, ஏரீஸ் இன்லெட், ஈஸ்டர்ன் வியூ ஆகிய ஊர்களைக் கடந்து 46 கி.மீ. சென்றால் லோர்ன் வரும். அங்கிருந்து வை ரிவர், கென்னட் ரிவர் வழியாக அப்பல்லோ பே சுமார் 45 கி.மீ. இப்பகுதியிலேயே சாலை கடலுக்கு மிக அருகில் செல்கிறது. ஒருபுறம் ஓட்வே மலைச்சரிவு, மறுபுறம் நீர், நடுவே இரு தடங்கள் மட்டுமே உள்ள குறுகிய சாலை என்பதே இதன் அமைப்பு.

அப்பல்லோ பேயைத் தாண்டியதும் சாலை கடலை விட்டு விலகி மழைக்காட்டுக்குள் நுழைகிறது. கடலோரச் சாலை என்ற பெயரை நம்பி வருவோருக்கு இது வியப்பளிக்கும். லேவர்ஸ் ஹில் என்னும் மலையூர் வரை ஏறி, பின்னர் பிரின்ஸ்டவுன் அருகே இறங்கும் வரை கடல் பெரும்பாலும் கண்ணில் படாது. அப்பல்லோ பேயிலிருந்து பன்னிரு அப்போஸ்தலர்கள் வரை சுமார் 85 கி.மீ.; அங்கிருந்து போர்ட் கேம்பல் 12 கி.மீ. அதன் பின் பீட்டர்பரோ வழியாகச் சென்று ஆலன்ஸ்போர்டில் பிரின்சஸ் நெடுஞ்சாலையுடன் இணைகிறது.

பெயரில் பெருங்கடல் இருப்பினும், சாலையின் கிழக்குப் பாதி நோக்கியிருப்பது ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்கும் தாசுமேனியாவுக்கும் இடைப்பட்ட பாஸ் நீரிணையையே ஆகும். ஓட்வே முனைக்கு மேற்கில்தான் தென் பெருங்கடலின் அலைகள் தடையின்றி வந்து மோதுகின்றன. இரு பகுதிகளிலும் கரையின் தோற்றம் வேறுபடுவதற்குப் பாறை வகையுடன் இதுவும் ஒரு காரணம்.

வரலாறு

இக்கரையின் கிழக்குப் பகுதி வாதவுரோங் மக்களின் நிலம். ஓட்வே மலைகளிலும் முனையிலும் கடுபனுட் மக்கள் வாழ்ந்தனர். மேற்கே கிரை உரோங் மக்கள் வாழ்ந்தனர். 1846 ஆம் ஆண்டில் நில அளவையாளர் ஜார்ஜ் ஸ்மைத் தலைமையில் சென்ற குழுவினர் ஏர் ஆற்றின் அருகே கடுபனுட் மக்களைச் சுட்டுக் கொன்றனர். இன்று அந்த ஆற்றைக் கடந்தே சாலை செல்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி வரை லோர்ன், அப்பல்லோ பே போன்ற ஊர்களுக்குக் கடல் வழியாகவோ, காட்டுக்குள் செல்லும் கரடுமுரடான பாதைகள் வழியாகவோதான் செல்ல முடிந்தது. 1917 இல் விக்டோரியாவின் நாட்டுப்புறச் சாலைகள் வாரியத் தலைவர் வில்லியம் கால்டர், போரிலிருந்து திரும்பும் வீரர்களைச் சாலைப் பணிகளில் அமர்த்த நிதி கோரினார். ஜிலாங் நகர மேயராக இருந்த ஹோவர்ட் ஹிட்ச்காக் இக்கருத்தை ஏற்று 1918 இல் கிரேட் ஓசன் சாலை அறக்கட்டளையை உருவாக்கினார். தம் சொந்தப் பணத்திலிருந்து 3,000 பவுண்டு அளித்தார். திரும்பிய வீரர்களுக்கு வேலை, இறந்தவர்களுக்கு நினைவுச்சின்னம், ஒதுங்கிக் கிடந்த ஊர்களுக்குப் பாதை என மூன்று தேவைகளை ஒரே பணியால் நிறைவேற்றுவது அவரது நோக்கமாக இருந்தது.

1919 செப்டம்பர் 19 அன்று பணி தொடங்கியது. மொத்தம் ஏறத்தாழ 3,000 முன்னாள் வீரர்கள் இதில் ஈடுபட்டனர். கனரக இயந்திரங்கள் இல்லை. வெடிமருந்து, கடப்பாரை, மண்வெட்டி, தள்ளுவண்டி ஆகியவற்றைக் கொண்டே செங்குத்தான மலைச்சரிவு குடையப்பட்டது. எட்டு மணிநேர வேலைக்கு 10 ஷில்லிங் 6 பென்ஸ் கூலி வழங்கப்பட்டது. வீரர்கள் கூடாரங்களில் தங்கினர். முகாமில் ஒரு பியானோவும், இசைத்தட்டுப் பெட்டிகளும், செய்தித்தாள்களும் இருந்தன. பணியின்போது சிலர் உயிரிழந்தனர். போர் முனையில் குண்டுச் சத்தத்தால் மனம் நலிந்து திரும்பியவர்களை நாள்தோறும் வெடி வைக்கும் பணியில் அமர்த்தியது, இன்று படிப்போருக்குக் கடுமையாகவே தோன்றும்.

1924 இல் காசினோ என்னும் நீராவிக் கப்பல் பேட்டன் முனை அருகே பாறையில் தட்டியது. பாரத்தைக் குறைப்பதற்காக 500 பீப்பாய் பீரும் 120 பெட்டி மதுவகைகளும் கடலில் எறியப்பட்டன. அவை கரை ஒதுங்கியதும் சாலைப் பணி இரண்டு வாரங்கள் நின்றுபோனது எனக் கூறப்படுகிறது.

ஈஸ்டர்ன் வியூ முதல் லோர்ன் வரையிலான பகுதி 1922 மார்ச்சில் திறக்கப்பட்டது. செலவை ஈடுகட்டுவதற்காக ஈஸ்டர்ன் வியூவில் சுங்கம் வசூலிக்கப்பட்டது. மோட்டார் வண்டிக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ். முழுச் சாலையின் திறப்பு விழா 1932 நவம்பரில் நடைபெற்றது. ஹிட்ச்காக் அதைக் காணவில்லை; அதே ஆண்டு ஆகஸ்டில் இதய நோயால் காலமானார். திறப்பு விழா ஊர்வலத்தில் அவருடைய காரும் பின்தொடர்ந்தது. 1936 இல் அறக்கட்டளை சாலையை மாநில அரசிடம் ஒப்படைத்ததும் சுங்கம் நீக்கப்பட்டது. இன்றும் இச்சாலையில் சுங்கம் இல்லை.

ஈஸ்டர்ன் வியூவில் சாலையின் குறுக்கே மரத்தாலான நினைவு வளைவு ஒன்று நிற்கிறது. முன்பிருந்த வளைவு 1983 பிப்ரவரி 16 அன்று ஏற்பட்ட சாம்பல் புதன் காட்டுத்தீயில் எரிந்துபோன பின் மீண்டும் கட்டப்பட்டது இது. சாலையின் 75 ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2007 இல், வேலை செய்யும் இரு வீரர்களின் சிலை இதன் அருகே நிறுவப்பட்டது.

நிலவியல்

ஓட்வே மலைகள் கிரீத்தேசியக் காலத்து மணற்கல்லாலும் சேற்றுக்கல்லாலும் ஆனவை. இப்பாறைகள் எளிதில் சிதைந்து சரிபவை. எனவே லோர்னுக்கும் அப்பல்லோ பேக்கும் இடையில் மண்சரிவால் சாலை மூடப்படுவது புதிதன்று. இப்பாறைகள் படிந்த காலத்தில் ஆஸ்திரேலியா தென் துருவ வட்டத்துக்குள் இருந்தது. ஓட்வே முனை அருகிலுள்ள டைனோசர் கோவ் என்னும் சிறு குடாவில் தோண்டியெடுக்கப்பட்ட புதைபடிவங்கள் துருவப் பகுதியில் வாழ்ந்த தொன்மாக்களைப் பற்றிய முதன்மையான சான்றுகளுள் அடங்கும். அவற்றுள் ஒன்றுக்கு 1989 இல் லியலினசோரா எனப் பெயரிடப்பட்டது. கண்டறிந்த ஆய்வாளர் இணையரின் மகளுடைய பெயர் அது.

பிரின்ஸ்டவுனுக்கு மேற்கில் கரை முழுவதும் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல் ஆகும். அலை இம்மென்பாறையின் பலவீனமான இடங்களைக் குடைந்து முதலில் குகையாக்குகிறது. குகை இருபுறமும் திறந்து வளைவாகிறது. வளைவின் கூரை இடிந்ததும் கரையிலிருந்து பிரிந்த தூண் மிஞ்சுகிறது. இறுதியில் தூணும் விழுகிறது. இந்நான்கு நிலைகளையும் போர்ட் கேம்பல் தேசியப் பூங்காவில் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அடுத்தடுத்துக் காணலாம். புவியியல் பயிலும் மாணவர்களுக்கு இதைவிடத் தெளிவான பாடம் அரிது.

பன்னிரு அப்போஸ்தலர்கள் ஒருபோதும் பன்னிரண்டாக இருந்ததில்லை. முன்னர் இவை பன்றியும் குட்டிகளும் என்று பொருள்படும் பெயரால் அழைக்கப்பட்டன. இருபதாம் நூற்றாண்டில் சுற்றுலாவை முன்னிட்டே இன்றைய பெயர் நிலைபெற்றது. ஒன்பதாக எண்ணப்பட்ட தூண்களுள் சுமார் 50 மீட்டர் உயரமான ஒன்று 2005 சூலை 3 அன்று சில நொடிகளில் நொறுங்கி விழுந்தது. எட்டு எஞ்சின. தூண்களின் அடிப்பகுதி ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் வீதம் அரிக்கப்படுவதாக மதிப்பிடப்படுகிறது. அதே அலை புதிய தூண்களையும் உருவாக்கி வருவதால் எண்ணிக்கை குறைந்துகொண்டே செல்லும் என்று கொள்ள வேண்டியதில்லை.

போர்ட் கேம்பலுக்கு மேற்கிலுள்ள லண்டன் பாலம் இரு வளைவுகளுடன் கரையோடு இணைந்திருந்தது. 1990 சனவரி 15 அன்று கரைப்பக்க வளைவு இடிந்து விழுந்தது. அப்போது வெளிப்பகுதியில் நின்றிருந்த இருவர் கடல் நடுவே சிக்கிக்கொண்டனர். ஹெலிகாப்டர் மூலம் மீட்கப்பட்டனர். எவருக்கும் காயமில்லை. தனித்து நிற்கும் எஞ்சிய வளைவு இப்போது லண்டன் வளைவு எனப்படுகிறது.

கப்பற்சேதங்கள்

ஓட்வே முனைக்கும் கிங் தீவுக்கும் இடைப்பட்ட கடல்வழியைத் தவறாகக் கணித்துப் பல பாய்க்கப்பல்கள் இக்கரையில் உடைந்தன. இதனால் மேற்குப் பகுதி கப்பற்சேதக் கரை எனப் பெயர் பெற்றது. ஓட்வே முனையிலுள்ள கலங்கரை விளக்கம் 1848 இல் ஒளியூட்டப்பட்டது. ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் எஞ்சியுள்ள கலங்கரை விளக்கங்களுள் மிகப் பழையது இதுவே. 1994 இல் இதன் பணி நிறுத்தப்பட்டது.

இங்கிலாந்திலிருந்து மெல்பேர்ண் நோக்கி வந்த லோக் ஆர்ட் என்னும் கப்பல் 1878 சூன் 1 அன்று விடியற்காலையில் மட்டன்பேர்டு தீவருகே மோதி மூழ்கியது. கப்பலில் இருந்த 54 பேரில் பிழைத்தவர்கள் இருவர் மட்டுமே. பயிற்சி மாலுமியான டாம் பியர்ஸ் ஓர் இடுக்கான குடாவுக்குள் அடித்துச் செல்லப்பட்டுக் கரையேறினார். பின் பயணியான ஈவா கார்மைக்கேல் எழுப்பிய குரலைக் கேட்டு மீண்டும் நீரில் இறங்கி அவரைக் காப்பாற்றினார். இருவரும் பதின்ம வயதின் இறுதியில் இருந்தனர். ஈவா தம் பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் இவ்விபத்தில் இழந்தார். இடுக்கு இன்று லோக் ஆர்ட் இடுக்கு எனப்படுகிறது. மேலே இறந்தோரின் கல்லறைகள் உள்ளன. அருகிலிருந்த தீவு வளைவு 2009 சூனில் இடிந்து இரு தூண்களானபோது, அத்தூண்களுக்கு டாம், ஈவா என்று பெயரிடப்பட்டது. அக்கப்பலில் வந்த ஆளுயர மயில் வடிவப் பீங்கான் சிலை ஏறத்தாழச் சேதமின்றிக் கரை சேர்ந்தது. அது வார்னம்பூலிலுள்ள பிளாக்ஸ்டாஃப் ஹில் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

தாமே ஓட்டிச் செல்லும் பயணம்

திசை

இச்சாலையில் கிழக்கிலிருந்து மேற்காகச் செல்வதே பரவலாகப் பரிந்துரைக்கப்படுகிறது. இதற்குக் காரணம் எளிது. ஆஸ்திரேலியாவில் வாகனங்கள் சாலையின் இடப்புறம் செல்கின்றன. மேற்கு நோக்கிச் செல்பவருக்குத் தெற்கிலுள்ள கடல் இடப்பக்கம் அமையும். எனவே கடலோரத் தடத்தில் செல்வதோடு, காட்சி முனைகளில் நிறுத்துவதற்கு எதிர்வரும் தடத்தைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. வளைவுகள் நிறைந்த சாலையில் வலப்பக்கம் திரும்புவதற்காகக் காத்து நிற்பதும், மீண்டும் சாலையில் நுழைவதும் ஆபத்தான செயல்கள். மேற்கு நோக்கிய பயணத்தில் இவை பெருமளவு தவிர்க்கப்படுகின்றன. பிற்பகலில் சூரியன் முகத்துக்கு நேரே வரும் என்பது மட்டுமே குறை.

இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் ஓட்டிப் பழகியோருக்கு இடப்புறம் ஓட்டுவது இயல்பாக வரும். வலப்புறம் ஓட்டும் நாடுகளிலிருந்து வருவோர் காட்சி முனைகளிலிருந்து வெளியேறும்போது தவறான தடத்தில் நுழைந்து நேர்ந்த மோதல்கள் பல. இதன் பொருட்டுச் சாலையில் அம்புக்குறிகளும் நினைவூட்டும் பலகைகளும் இடப்பட்டுள்ளன. அத்தகைய வாகனம் எதிரே வரக்கூடும் என்பதை மற்றவர்களும் மனத்திற்கொள்வது நல்லது.

எத்தனை நாட்கள்

மெல்பேர்ணிலிருந்து கடலோரமாகப் பன்னிரு அப்போஸ்தலர்கள் வரை ஏறத்தாழ 275 கி.மீ. உள்நாட்டில் கோலாக் வழியாகத் திரும்பும் தொலைவு அதைவிடச் சுமார் 50 கி.மீ. குறைவு. மொத்தம் 500 கி.மீ. என்று வரைபடத்தில் பார்க்கும்போது ஒரே நாளில் முடிக்கலாம் எனத் தோன்றும். சுற்றுலாப் பேருந்துகள் அவ்வாறே செய்கின்றன. ஆனால் பேருந்துப் பயணி திரும்பும் வழியில் உறங்கலாம். ஓட்டுநர் உறங்க முடியாது. லோர்னிலிருந்து அப்பல்லோ பே வரையுள்ள 45 கி.மீ. தொலைவுக்கே எங்கும் நிற்காமல் ஏறத்தாழ ஒரு மணிநேரம் தேவை. பத்து மணிநேரம் ஓட்டிய களைப்புடன் இருட்டில் திரும்பும் ஒருநாள் பயணத்தைத் தவிர்ப்பதே முறை.

இரு நாள் பயணமாயின் அப்பல்லோ பேயில் இரவு தங்குவது பொருத்தமானது. முதல் நாள் சுமார் 190 கி.மீ. மட்டுமே என்பதால் நிறுத்தங்களுக்கு நேரம் உண்டு. டோர்க்கிக்கு அப்பாலுள்ள பெல்ஸ் கடற்கரையில் 1962 முதல் அலைச்சறுக்குப் போட்டி நடந்து வருகிறது. ஏரீஸ் இன்லெட்டில் 1891 இல் கட்டப்பட்ட ஸ்பிளிட் பாயிண்ட் கலங்கரை விளக்கம் உள்ளது. லோர்னிலிருந்து சற்று உள்ளே சென்றால் எர்ஸ்கின் அருவியைக் காணலாம். பேட்டன் முனைக் காட்சியிடத்தில் நின்றால், மலையைக் குடைந்த சாலை எவ்வளவு உழைப்பில் உருவானது என்பது விளங்கும்.

இரண்டாம் நாள் காலையில் மெய்ட்ஸ் ரெஸ்ட் மழைக்காட்டு நடைபாதை, விரும்பினால் ஓட்வே முனைக் கலங்கரை விளக்கம், பின் லேவர்ஸ் ஹில் வழியாகக் கடல் தூண்கள் எனத் தொடரலாம். கலங்கரை விளக்கத்துக்கு முதன்மைச் சாலையிலிருந்து விலகி ஒரு வழிக்கு 12 கி.மீ. செல்ல வேண்டும். இதைச் சேர்த்தால் போர்ட் கேம்பலுடன் நிறுத்திக்கொண்டு உள்நாட்டு வழியில் திரும்புவது நன்று. அன்றைய ஓட்டம் 350 கி.மீ. அளவில் முடியும். வார்னம்பூல் வரை சென்று அங்கிருந்து 260 கி.மீ. தொலைவிலுள்ள மெல்பேர்ணுக்கு அன்றே திரும்ப முனைந்தால் அது 430 கி.மீ. ஐத் தாண்டிவிடும். பீட்டர்பரோவுக்கு மேற்கிலுள்ள தீவுகளின் குடாவையும் வார்னம்பூலையும் காண விரும்புவோர் மூன்றாம் நாளை ஒதுக்கிப் போர்ட் கேம்பலில் மற்றோர் இரவு தங்க வேண்டும். கூட்டம் குறைந்த மேற்குக் கோடிக்காகவே இந்த மூன்றாம் நாள் தகும்.

பருவமும் பகற்பொழுதும்

தென் அரைக்கோளமாதலால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடைக்காலம். அப்போது சூரியன் இரவு எட்டே முக்கால் மணிவாக்கில் மறைகிறது. சூனில் மாலை ஐந்து மணிக்குச் சற்றுப் பின்னரே இருட்டிவிடும். காலை ஏழரை மணிக்குப் பின்னரே விடியும். குளிர்காலப் பயணத்தில் பயன்படும் பகற்பொழுது கோடையைவிட ஐந்து மணிநேரம் குறைவு என்பதைக் கணக்கில் கொள்ளாத திட்டம் பெரும்பாலும் அப்போஸ்தலர்களை இருளில் அடையும் திட்டமாகவே முடிகிறது. மறுபுறம், பெரும் அலைகளைக் காணக் குளிர்காலமே சிறந்தது. கோடை விடுமுறையிலும் ஈஸ்டர் வாரத்திலும் தங்குமிடங்கள் வெகு முன்னரே நிரம்பிவிடும். எப்பருவமாயினும் வானிலை ஒரே நாளில் பலமுறை மாறக்கூடியது. எனவே கோடையிலும் காற்றைத் தடுக்கும் மேலாடை தேவை.

மெல்பேர்ணிலிருந்து வரும் பேருந்துகள் நண்பகலுக்குப் பின் கடல் தூண்களை அடைகின்றன. அருகில் தங்கியிருப்போர் அதிகாலையில் சென்றால் அமைதியாகக் காணலாம்.

வாகனமும் விதிகளும்

குறுகிய காலம் தங்கும் பயணிகள் தம் நாட்டு ஓட்டுநர் உரிமத்தைக் கொண்டு ஓட்டலாம். உரிமம் ஆங்கிலத்தில் இல்லையெனில் ஆங்கில மொழிபெயர்ப்போ சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் பத்திரமோ உடன் இருக்க வேண்டும். வளைவுகளுள்ள பகுதிகளில் விரைவெல்லை பலவிடங்களில் மணிக்கு 80 கி.மீ. அல்லது அதற்கும் குறைவு. மஞ்சள் பலகையில் காணப்படும் எண் அவ்வளைவுக்கான அறிவுரை வேகம் ஆகும். மழையில் அதையும் குறைக்க வேண்டும். மெதுவாகச் செல்வோர் ஒதுங்கி வழிவிடுவதற்கான அகலிடங்கள் ஆங்காங்கே அமைக்கப்பட்டுள்ளன. பின்னால் இரண்டு, மூன்று கார்கள் சேர்ந்துவிட்டால் ஒதுங்கி விடுவது இங்குள்ள வழக்கம். காட்சியைப் பார்ப்பதற்காகச் சாலையிலேயே வேகத்தைக் குறைப்பதும் வளைவில் நிறுத்துவதும் விபத்துக்கு வழிவகுக்கும்.

ஓட்வே மலைகளின் உட்புறச் சாலைகள் சில சரளைச் சாலைகள். வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பல, தார் போடாத சாலையில் நேரும் சேதத்துக்குக் காப்பீடு அளிப்பதில்லை. வழிகாட்டிச் செயலிகளோ குறுக்குவழி என்று இச்சாலைகளையே காட்டக்கூடும். அப்பல்லோ பேயை விட்டுப் புறப்படும் முன் எரிபொருள் நிரப்பிக்கொள்வது நல்லது. மலைப்பகுதியில் அலைபேசித் தொடர்பு பலவிடங்களில் கிடைப்பதில்லை என்பதால் வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கி வைத்திருக்க வேண்டும்.

காட்டுயிர்

அந்தி முதல் விடியல் வரை கங்காருகளும் வாலபிகளும் சாலையைக் கடக்கின்றன. குறுக்கே விலங்கு வந்தால் நேராக வைத்தபடி வேகத்தைக் குறைக்க வேண்டுமேயன்றித் திடீரெனத் திருப்பக் கூடாது. சாலையை விட்டு மரத்தில் மோதுவதே பெரும் சேதம் விளைவிக்கிறது. இருட்டிய பின் ஓட்டாதிருப்பதே சிறந்த வழி.

கென்னட் ரிவர் அருகில் கோவாலாக்களை மரங்களில் காணலாம். ஓட்வே முனையில் கோவாலாக்கள் மிகப் பெருகி, தமக்கு உணவான மன்னா யூக்கலிப்டசு மரங்களின் இலைகளை முற்றிலும் தின்று தீர்த்தன. மரங்கள் பட்டன, விலங்குகள் பட்டினியால் நலிந்தன. 2013, 2014 ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 700 கோவாலாக்களை அதிகாரிகள் கருணைக்கொலை செய்ய நேர்ந்தது. கலங்கரை விளக்கத்துக்குச் செல்லும் சாலையோரத்தில் இலையற்று நிற்கும் மரங்கள் இதன் விளைவே. பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் உணவளிப்பது ஊக்குவிக்கப்படுவதில்லை.

இடர்கள்

மேற்குக் கரையின் கடற்கரைகள் நீந்துவதற்கு ஏற்றவை அல்ல. இழுவை நீரோட்டம் வலுவானது. எதிர்பாராத பேரலைகள் பாறை வரை ஏறி வரும். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று, ஷெர்புரூக் ஆற்று முகத்துவாரத்தில் நீரில் சிக்கிய சுற்றுலாப் பயணி ஒருவரைக் காப்பாற்றச் சென்ற மீட்புப் படகு கவிழ்ந்தது. போர்ட் கேம்பல் உயிர்காப்புக் கழகத்தின் தன்னார்வலர்களான தந்தையும் மகனும் அதில் உயிரிழந்தனர். பயணி பிழைத்தார். ஆழம் தெரியாத நீரில் கால் வைப்பவர் தம் உயிரை மட்டும் பணயம் வைப்பதில்லை என்பதால் இந்நிகழ்வு இப்பகுதியில் இன்றும் நினைவுகூரப்படுகிறது. சுண்ணாம்புக்கல் விளிம்புகள் முன்னறிவிப்பின்றி இடிந்து விழுபவை. வேலியைத் தாண்டி நின்று படம் எடுப்பவர் நிற்பது பல இடங்களில் அடியில் அரிக்கப்பட்ட பாறைத் தகட்டின் மேல்தான். கிப்சன் படிகள் வழியாகக் கடற்கரைக்கு இறங்கும் முன் அலையேற்ற நேரத்தைப் பார்க்க வேண்டும். கடல் சீற்றமாக உள்ளபோது படிகள் மூடப்படும்.

கோடையில் முதன்மையான இடர் காட்டுத்தீ ஆகும். 2015 டிசம்பர் 19 அன்று மின்னலால் பற்றிய தீ, கிறிஸ்துமஸ் நாளில் வை ரிவர், செப்பரேசன் கிரீக் ஆகிய ஊர்களுக்குள் புகுந்து 116 வீடுகளை எரித்தது. உரிய நேரத்தில் மக்கள் வெளியேற்றப்பட்டதால் உயிரிழப்பு நேரவில்லை. தாவரங்கள் எரிந்து வெறுமையான சரிவுகளில் 2016 செப்டம்பரில் பெய்த மழையால் மண் சரிந்து சாலை மீண்டும் மூடப்பட்டது. லோர்னுக்கும் அப்பல்லோ பேக்கும் இடையில் மலையைக் கடக்கும் மாற்று வழிகள் மிகச் சில; தீயின்போது அவையும் மூடப்படலாம். எனவே பயண நாளின் தீ அபாய மதிப்பீட்டைக் காலையிலேயே அறிந்துகொள்ள வேண்டும். 2022 முதல் இம்மதிப்பீடு மிதமானது, அதிகம், மிக அதிகம், பேரழிவு என நான்கு நிலைகளில் அறிவிக்கப்படுகிறது. பேரழிவு நிலை அறிவிக்கப்பட்ட நாளில் ஓட்வே பூங்கா மூடப்படும். அன்று பயணத்தைத் தள்ளிப்போடுவதே ஒரே வழி. முழுத் தீத்தடை நாட்களில் திறந்தவெளியில் அடுப்பு மூட்டுவது குற்றம். எச்சரிக்கைகளையும் மூடப்பட்ட சாலைகளையும் விக்எமர்ஜென்சி செயலியில் காணலாம். அவசர உதவிக்கான தொலைபேசி எண் 000.

பாதுகாப்பும் நிருவாகமும்

போர்ட் கேம்பல் தேசியப் பூங்கா 1964 இலும், பன்னிரு அப்போஸ்தலர்கள் கடல்சார் தேசியப் பூங்கா 2002 இலும், கிரேட் ஓட்வே தேசியப் பூங்கா 2005 இலும் உருவாக்கப்பட்டன. கடலோரம் பல அமைப்புகளிடையே சிதறிக் கிடந்ததால், 2020 இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டு கிரேட் ஓசன் சாலை கடலோர மற்றும் பூங்காக்கள் ஆணையம் நிறுவப்பட்டது. கடல் அரிப்பு சாலையின் அடித்தளத்தையே தாக்கும் இடங்களில் கல் அடுக்கித் தடுப்பு அமைக்கும் பணிகள் நடைபெற்று வந்துள்ளன. அப்பல்லோ பேயிலிருந்து அப்போஸ்தலர்களுக்கு அருகில் வரை கரையோரமாகச் செல்லும் கிரேட் ஓசன் நடைவழி, சாலை கடலை விட்டு விலகும் அதே பகுதியில் கடலை ஒட்டிச் செல்கிறது. காரில் வருவோர் இதன் சில பகுதிகளை மட்டும் நடந்து காணலாம்.